முடி கொட்டுதுன்னு புது ட்ரீட்மென்ட் தேடுறவங்க பணம் கட்டுறதுக்கு முன்னாடி படிங்க (வேலூர், ராணிப்பேட்டை)

"கொரியாவில் இருந்து வந்த புதிய சிகிச்சை, முடி உதிர்வுக்கு நிரந்தரத் தீர்வு" என்று இப்போது நம்ம பக்கத்து ஆட்கள் போனில் எல்லாம் விளம்பரம் வருகிறது. என் தங்கை அதைப் பார்த்துத்தான் போனாள். விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் கிளினிக் பெயரைப் போடவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

தங்கைக்கு ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி வேலை. மழைக்காலத்தில் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தாள். உடம்பு தேறி, வேலைக்கும் போக ஆரம்பித்து, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. தலை வாரினால் சீப்பு நிறைய வரும், தலைக்குக் குளித்தால் பாத்ரூம் ஓட்டை அடைத்துக்கொள்ளும். வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் வேறு. அம்மா அழாத நாள் இல்லை. அந்த நிலைமையில் இருக்கிற பெண்களைத்தான் இவர்கள் குறிவைக்கிறார்கள். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

கிளினிக்கில் பேனா மாதிரி ஒரு கேமராவைத் தலையில் வைத்து டிவியில் பெரிதாக்கிக் காட்டினார்களாம். அத்தனை பெரிதாக்கினால் யார் தலையும் பயமாகத்தான் தெரியும். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு அம்மா, "வேர் செத்துக்கிட்டு இருக்கு மேடம், இன்னும் மூணு மாசம் விட்டா எங்களாலயே ஒண்ணும் பண்ண முடியாது" என்றிருக்கிறார். அவர் டாக்டர் இல்லை, ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் என்று பிறகுதான் தெரிந்தது. காய்ச்சல் ஏதும் வந்ததா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுக்கவில்லை. நேராக பேக்கேஜ் அட்டையை நீட்டிவிட்டார்கள்.

நம்ப வைக்க ஒரு செய்தியையும் காட்டினார்கள்: முடி வளர மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி. செய்தி உண்மைதான். பாரிசிட்டினிப் மாத்திரைக்கு 2022 ஜூனில் அங்கே அனுமதி கிடைத்தது, 2023இல் ரிட்லெசிட்டினிப், 2024இல் இன்னொன்று. ஆனால் மூன்றுமே கடுமையான புழுவெட்டுக்கு. அதாவது நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தாக்கும் நோய்க்கு. பரம்பரை வழுக்கைக்கோ காய்ச்சலுக்குப் பின் கொட்டுவதற்கோ அந்த அனுமதி கிடையாது. அதைக் காட்டிவிட்டு இவளுக்குப் போட்டது எக்ஸோசோம், அதாவது உயிரணுக்கள் வெளியிடும் நுண்ணிய துகள்கள் கலந்தது என்று விற்கப்படும் திரவம். அந்த மாத்திரைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எந்த எக்ஸோசோம் ஊசிக்கும் அமெரிக்க மருந்துத் துறை அனுமதி தந்ததில்லை.

அடுத்த சிட்டிங்குக்கு நான் கூடப் போனேன். கட்டைவிரல் அளவு கண்ணாடிக் குப்பி. திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் "வெளிப்பூச்சுக்கு மட்டும்" என்று அச்சடித்திருந்தது. அதைத்தான் சிரிஞ்சில் ஏற்றி என் தங்கச்சி மண்டையில் குத்த எடுத்துக்கொண்டிருந்தார்கள். முதல் தடவை போட்டதற்கே நெற்றி வீங்கி, கண் திறக்க முடியாமல் கிடந்தவள் அவள். அங்கேயே நிறுத்தச் சொல்லி, குப்பியைப் போட்டோ எடுத்துக்கொண்டு அழைத்து வந்துவிட்டேன்.

பணம் 80,000 ரூபாய். "வட்டியே இல்ல, மாசா மாசம் கட்டுங்க" என்று ஆதார், பான் வாங்கி, போனுக்கு வந்த ஓடிபியையும் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். பார்த்தால் அவள் பேரில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் கடன் எடுத்து, மொத்தப் பணமும் கிளினிக் கணக்குக்குப் போய்விட்டது. சிகிச்சையை நிறுத்தினாலும் தவணை நிற்காது, கட்டாவிட்டால் சிபில் கெடும். டிஜிட்டல் கடனில் குறிப்பிட்ட நாளுக்குள் அசலையும் அதுவரைக்கான வட்டியையும் கட்டி அபராதம் இல்லாமல் வெளியேற ரிசர்வ் வங்கி வழி வைத்திருக்கிறது. அதை யாரும் இவளிடம் சொல்லவில்லை. திருப்பிக் கேட்டதற்கு, "பில்லுல நான்-ரீஃபண்டபிள்னு போட்டிருக்கு சார்" என்று, அதாவது பணம் திரும்பக் கிடையாது என்று முடித்துவிட்டார்கள்.

பிறகு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு, தோல் பிரிவுக்கு அழைத்துப் போனோம். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே "நடுவுல பெரிய காய்ச்சல் ஏதாவது வந்துச்சாம்மா?" ஒரு கொத்து முடியை விரலிடுக்கில் பிடித்து மெல்ல இழுத்தார். கையோடு வந்த முடியின் அடியில் வெள்ளையாகச் சின்ன முண்டு. வேர் செத்ததல்ல இது, ஓய்வுக்குப் போன முடி உதிர்கிறது என்று விளக்கினார். டெங்கு, டைபாய்டு, பிரசவம், பெரிய ஆபரேஷன் எதற்குப் பின்னாலும் இரண்டு மூன்று மாதத்தில் இப்படிக் கொட்டுமாம். பெரும்பாலும் ஆறு மாதத்தில் அடங்கி, தானாகவே முளைக்குமாம். ரத்தத்தில் இரும்புச் சத்து குறைவாக இருந்தது, அதற்கு மாத்திரை எழுதினார். இப்போது நெற்றி ஓரத்தில் குட்டிக் குட்டியாக முடி முளைத்து நிற்கிறது.

பரம்பரை வழுக்கைக்குத் தேடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தலையில் தடவும் மினாக்ஸிடில் அமெரிக்காவில் 1988லேயே அனுமதி வாங்கியது, ஆண்களுக்கான ஃபினாஸ்டெரைடு 1997இல். பழசுதான், ஆனால் சோதித்துப் பார்த்து அனுமதி தந்தவை. பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும், விட்டால் மறுபடி கொட்டும், பக்க விளைவும் உண்டு. ஃபினாஸ்டெரைடைக் கர்ப்பிணிகள் சாப்பிடவே கூடாது, உடைந்த மாத்திரையைத் தொடவும் கூடாது. தோல் டாக்டரிடம் கேட்டுத்தான் எதையும் தொடங்க வேண்டும். நிரந்தரமாகக் குணமாகும் என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். வழுக்கையைக் குணமாக்கும் என்று எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று நம் நாட்டு மருந்து விதிகளின் அட்டவணை ஜே-யிலேயே இருக்கிறது. ஊசி போடுகிறவரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஏற்கெனவே பணம் கட்டி மாட்டியிருப்பவர்கள் பில், கடன் மெசேஜ், வாட்ஸாப் பேச்சு, குப்பி போட்டோ எதையும் அழிக்காதீர்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். "நான்-ரீஃபண்டபிள்" என்று பில்லில் அச்சடித்துவிட்டால் சட்டம் வாயை மூடிக்கொள்ளாது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. நடந்த நாளில் இருந்து 2 வருடத்துக்குள் மனு போட்டுவிட வேண்டும்.