கம்பெனி தரும் உரிமமா, அரசு எடுக்கும் உரிமையா?

சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் தே தாரேக் ஆறிக்கொண்டிருந்தது. பெரியப்பா மாத்திரைப் போத்தலை உருட்டியபடி, “இந்தப் பொடிசுக்கா அவ்வளவு காசு?” என்றார். கல்லீரல் அழற்சி சி-க்கான சோஃபோஸ்புவிர். 2013 இறுதியில் அமெரிக்காவில் வந்தபோது ஒரு மாத்திரை 1,000 டாலர். 12 வாரத்துக்கு 84,000.

விலை இறங்க இரண்டு வழி. ஒன்று, மற்ற நிறுவனங்களும் அதே மருந்தைத் தயாரிக்க, கம்பெனியே மனமுவந்து தரும் உரிமம். இந்த மருந்தின் காப்புரிமை வைத்திருக்கும் அமெரிக்க கம்பெனி கிலியட் 2014-இல் இந்திய நிறுவனங்களுக்கு அப்படிக் கொடுத்தது. வழக்கு வம்பு இல்லை, தயாரிப்பு நுட்பமும் கூடவே வரும். ஆனால் எந்த நாட்டில் விற்கலாம் என்ற பட்டியல் கம்பெனி கையில். நடுத்தர வருமான நாடான மலேசியாவுக்கு அதில் இடம் கிடைக்க 2017 ஆகஸ்ட் ஆனது.

இன்னொன்று, அரசுப் பயன்பாட்டு உரிமை: காப்புரிமை வைத்திருப்பவரின் சம்மதம் இல்லாமலே, அரசு தன் தேவைக்கு அந்த மருந்தை வேறு இடத்தில் செய்யவோ வாங்கவோ வைப்பது. உலக வர்த்தக நிறுவனத்தின் அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கையான டிரிப்ஸின் 31-ஆம் விதி இதற்கு இடம் தருகிறது. நம் மலேசியாவின் 1983 காப்புரிமைச் சட்டத்தில் 84-ஆம் பிரிவு. 2003-இல் எச்ஐவி மருந்துகளுக்கு இதைப் பயன்படுத்தினோம், 2017 செப்டம்பரில் சோஃபோஸ்புவிருக்கும். பறிமுதல் என்று சிலர் கத்துவார்கள். அப்படியில்லை, உரிமையாளருக்கு இழப்பீடு உண்டு. அப்புறம், 2018-இல் அரசு மருத்துவமனைகளில் இலவச சிகிச்சை தொடங்கியது.

இப்படிச் செய்தால் புது மருந்து ஆராய்ச்சிக்கு யார் பணம் போடுவார்கள் என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் வாங்கவே முடியாதவரிடமிருந்து கம்பெனிக்கு என்ன லாபம் வந்துவிடும்? என் ஓட்டு இரண்டாவதற்கு. முதல் வழியே, இரண்டாவது பின்னால் நிற்கிறது என்று தெரிந்தால்தான் சீக்கிரம் திறக்கும்.