குமுளிச் சாரணர் சேவை முகாம்: பிள்ளைகளை அனுப்பலாமா?

குமுளியில் ஏலத்தோட்டங்களை ஒட்டிய ஒரு வளாகத்தில், சாரணர், சாரணியருக்காக வார இறுதிகளில் சுற்றுச்சூழல் சேவை முகாம் நடத்தி வருகிறார்கள். கம்பம், கூடலூர்ப் பக்கத்துப் பெற்றோர் பலரும் விசாரிப்பதால், என் மகள் சென்று வந்த முகாமைப் பற்றிய கருத்தை இங்கே பதிகிறேன்.

முகாமின் உயிர்நாடி உண்ணிச்செடி அகற்றும் பணிதான். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அலங்காரச் செடியாக வந்து, இன்று மேற்குத் தொடர்ச்சி மலையில் புல்லையும் இளங்கன்றுகளையும் தலையெடுக்க விடாமல் அடர்ந்து கிடக்கும் இச்செடியை, தரைக்கு மேலே அரிவாளால் வெட்டினால் அடுத்த மழைக்கே பல கிளைகளாகத் தழைத்துவிடும். ஆகவே, தண்டும் வேரும் சேரும் வேர்க்கழுத்துக்கு இரண்டு விரற்கடை கீழே கொத்தால் அறுத்து, தூரோடு பெயர்த்து, வேர் மேலே இருக்குமாறு கவிழ்த்து வைக்கப் பிள்ளைகளுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பறவைகள் அமரும் மரங்களின் அடியில் எச்சத்தின் வழியாக மறுபடி நாற்று முளைக்கும் என்பதால், அந்த இடங்களுக்குக் கயிறு கட்டி அடையாளமிட்டு, அடுத்து வரும் குழுவிடம் ஒப்படைக்கிறார்கள். இந்தத் தொடர்ச்சியைப் பள்ளி அளவிலான முகாம்களில் நான் கண்டதில்லை.

எந்த இடத்தில் தொடங்குவது, யார் அறுப்பது, யார் அள்ளுவது என்பதை அணித்தலைவர்களே முடிவு செய்கிறார்கள். அமெரிக்காவில் சாரணர்களின் மிக உயர்ந்த நிலையான ஈகிள் நிலையை எட்ட விரும்பும் சாரணர், ஒரு சேவைத் திட்டத்தைத் தாமே வகுத்து, பிறரை வழிநடத்தி முடித்துக் காட்ட வேண்டும். அந்தப் பொறுப்பின் சிறு பங்காவது இங்கே பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது.

மரம் நடுவிழாவைப் பற்றி அப்படிச் சொல்ல இயலவில்லை. சிறப்பு விருந்தினருக்காக வரிசையில் காக்க வைத்து, மயில்கொன்றை (குல்மோகர்) கன்றுகளை நடச் செய்தார்கள். அவற்றுள் சில, கறுப்பு நெகிழிப் பையைக் கிழிக்காமலேயே குழிக்குள் இறங்கின. அயல் செடியைப் பிடுங்கிய கையோடு மடகாஸ்கர் மரத்தை நடுவானேன் என்று பொறுப்பாளரிடம் கேட்டதற்கு, இலவசமாகக் கிடைத்த கன்றுகள் என்றார். மலைக்கேற்ற நாவலோ, பலாவோ, வேங்கையோ கேட்டு வாங்கியிருக்கலாம். சபரிமலைப் பருவத்தில் லோயர்கேம்ப் சாலையோரம் சேரும் பாட்டில்களைப் பொறுக்கும் பணியும் உண்டு. ஆனால் தரம் பிரித்துக் கட்டிய மூட்டைகளை எடுத்துச் செல்ல வண்டி ஏற்பாடு செய்யாததால், நாங்கள் கிளம்பும்வரை அவை கொட்டகையிலேயே கிடந்தன.

உணவு எளிமையானது; கஞ்சியும் பயறும் போதிய அளவு கிடைத்தன. சாரணியர் தங்குமிடம் தனியாகவும் பாதுகாப்பாகவும் இருந்தது. சேவை நேரத்தைப் பதிவேட்டில் குறித்துக் கையொப்பமும் இட்டுத் தருகிறார்கள்.

நடுவிழாவைச் சேர்க்காத முகாம் எப்போது என்று கேட்டுப் பதிவு செய்வது நல்லது. மழைக்காலமாயின் அட்டைக்கடி அதிகம். முழங்கால்வரை காலுறையும் ஒரு பொட்டலம் உப்பும் கொடுத்தனுப்புங்கள்.