மூன்றே நாளில் வலி போனதுதான் வினை

18,500 ரூபாய். நேற்று ராத்திரி முழுக்க இந்தத் தொகைதான் மண்டைக்குள் ஓடியது. ஆற்றாமையில் எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரையும் உண்டு. முகப்பிலிருந்து வளவைத் தாண்டி அடுப்படிக்குப் போவதற்குள் மூன்று இடத்தில் நிற்பார். அவ்வளவு முழங்கால் வலி. காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் மூலிகை முகாம், மூட்டுவலி, சர்க்கரை இரண்டும் அடியோடு குணம் என்று நோட்டீஸ் வந்தது. ஊர் ஊராக மண்டபம் பிடித்து இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புகிற வகை.

வைத்தியர் என்று உட்கார்ந்திருந்தவர் நாடி பிடித்தார். "ஆச்சி, படியிறங்கும்போதுதானே உயிர் போகுது?" என்றார். அம்மா கண்கலங்கிவிட்டார். மூட்டுத் தேய்ந்தவர்களில் பாதிப்பேர் இதைத்தான் சொல்வார்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. 45 நாளுக்கு மூன்று டப்பா சூரணம், 18,500 ரூபாய். பேரம்கூடப் பேசவில்லை, வெட்கக்கேடு.

மூன்றே நாளில் வலி போய்விட்டது. பக்கத்து வீட்டு ஆச்சிக்கு நானே சிபாரிசு வேறு செய்தேன். மூன்றாவது வாரம் அம்மாவின் முகம் உப்பியது. சர்க்கரை மாத்திரையை நிறுத்தாமலே சர்க்கரை 386. டாக்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன சேர்த்திருக்கிறது என்று இல்லை, உரிம எண் இல்லை, தேதி இல்லை. சாமி படம் மட்டும். ஸ்டீராய்டு கலந்திருப்பார்கள் என்று சந்தேகப்பட்டார். மூட்டுவலிப் பொடியில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கலப்பது பழைய தந்திரமாம். வீக்கத்தை அமுக்கும், வலி ஓடிவிடும், பின்னாலேயே சர்க்கரை ஏறும். பொடியைக் குப்பையில் கொட்டிவிட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டேன். வாரக்கணக்கில் தின்ற ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால், உடம்பு தானாகச் சுரக்கவேண்டியது சுரக்காமல் மயங்கி விழலாம் என்றார். இப்போது அளவாக ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துப் படிப்படியாகக் குறைக்கிறார்கள்.

நோட்டீஸ் எண்ணுக்குப் போன் அடித்தேன். முதல் நாள், "கழிவு வெளியேறுது சார், நல்ல அறிகுறி." மறுநாள், "பத்தியம் மீறினீங்களா?" ஒரு மணிவிழாவில் அம்மா இரண்டு வெள்ளைப் பணியாரம் சாப்பிட்டதை வெள்ளந்தியாகச் சொல்லித் தொலைத்தேன். "அதான் சார்!" பழி முழுக்கப் பணியாரத்தின் தலையில். அப்புறம் ஒரு பெண் குரல், "ஐயா பூஜையில இருக்காங்க." ஐந்து தடவையும் பூஜை. இப்போது அந்த எண்ணே உபயோகத்தில் இல்லையாம்.

ரசீதை எடுத்துப் பார்த்தால், 18,500 ரூபாய் 'நன்கொடை' என்று எழுதியிருக்கிறது! மருந்து என்ற சொல்லே எங்கும் இல்லை.

சித்த மருத்துவத்தைத் திட்டவில்லை. படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவர்கள் அரசு ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறார்கள். "மூலிகைதானே, பக்கவிளைவு கிடையாது" என்று மட்டும் இனி என்னிடம் யாரும் வராதீர்கள்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. உரிம எண் இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள். சர்க்கரையைக் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ரசீதை அங்கேயே நின்று படியுங்கள். மிச்சப் பொடியைக் கொட்டாதீர்கள், அதுதான் சாட்சி. நுகர்வோர் உதவி எண் 1915, நான் இன்று கூப்பிடப் போகிறேன்.

தேவகோட்டைக்காரர்கள் கவனியுங்கள். நேற்று சாயங்காலம் அங்கே ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போனார்களாம். மாமா போனிலேயே கேட்க வைத்தார். அதே குரல், அதே "அடியோடு குணம்."