ஊட்டி 'ஹெரிடேஜ் வாக்' பேக்கேஜ்: பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள்

ஊட்டி போகிறவர்கள் கவனிக்க. சேரிங் கிராஸ் பக்கம் ஓர் ஏஜெண்டிடம் 'பழைய ஊட்டி ஹெரிடேஜ் வாக், எல்லா என்ட்ரியும் சேர்த்து' என்று தலைக்கு 900 ரூபாய் கட்டி ஏமாந்தோம். என் மாமனாருக்குப் பழைய கட்டடம் என்றால் சாப்பாடுகூட வேண்டாம். அவருக்காகத்தான் போனதே.

"வெள்ளைக்காரன் காலத்து ஊரை அப்படியே மியூசியமா வச்சிருக்காங்க சார், ஒவ்வொண்ணா உள்ளே கூட்டிட்டுப் போவோம்" என்றார் ஏஜெண்ட். பொய் அங்கேயே ஆரம்பம். பழைய ஊட்டியில் மொத்தமாக டிக்கெட் கிழித்து உள்ளே விடும் வாசல் எதுவும் கிடையாது. செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச்சில் இன்றும் ஆராதனை நடக்கிறது. ஊட்டி நகரை உருவாக்கிய பிரிட்டிஷ் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-இல் கட்டத் தொடங்கிய கல் பங்களா அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. நீலகிரி நூலகமும் ஊட்டி கிளப்பும் உறுப்பினர்களுக்கானவை. இல்லாத என்ட்ரிக்குத்தான் காசு வாங்குகிறார்கள்.

சர்ச் வாசலுக்குப் போனால் உள்ளே கல்யாணம். "வெளியே நின்னு போட்டோ எடுத்துக்குங்க" என்றார் கைடு. அதுகூடப் பரவாயில்லை, கல்யாணத்துக்கு அவர் என்ன செய்வார்? ஆனால் கூசாமல் "இது திப்பு சுல்தான் கட்டின சர்ச்" என்றார். திப்பு இறந்தது 1799-இல், சர்ச் பிரதிஷ்டை ஆனது 1830-இல். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையைப் பிரித்த மரங்களைக் கொண்டுவந்து இதில் போட்டார்கள், அவ்வளவுதான் சம்பந்தம். மாமனார் மெதுவாக இதைச் சொன்னதும், "பெரியவரே, நான் டெய்லி சொல்றேன்" என்று பதில் வந்தது. பின்னாலிருக்கும் கல்லறைத் தோட்டத்தில்தான் சல்லிவனின் மனைவியும் மகளும் அடக்கமாகியிருக்கிறார்கள். அங்கே போகலாமா என்று கேட்டோம். நேரமில்லையாம்.

கல்லூரி வாசலில் வாட்ச்மேன் திருப்பி அனுப்பினார். நூலகத்தைத் தெருவிலிருந்தே பார்த்தோம். நேரமில்லாத அதே கைடுக்குச் சாக்லேட் கடையில் உட்கார மட்டும் அரை மணி நேரம் இருந்தது. கமிஷன் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

அப்புறம் ஒரு சால்வைக் கடை. எனக்கு அதிகம் எரிச்சல் வந்தது இங்கேதான். 'தோடர் பெண்கள் கையால் போட்ட பூ வேலை' என்று காட்டியது மெஷினில் போட்டது. (தோடர் என்பவர்கள் நீலகிரிப் பழங்குடி மக்கள்.) திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் முழுக்க நூல் சிக்கலும் ஒட்டுத் துணியும். உண்மையான தோடர் பூ வேலையில் வெள்ளைப் பருத்தித் துணியின் இழையை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாகக் கையால் தைப்பார்கள். இரண்டு பக்கமும் சுத்தமாக இருக்கும், எது உள்பக்கம் என்று சட்டென்று தெரியாது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற வேலை அது. ஒரு சால்வை முடிய வாரக்கணக்கில் ஆகும். சில நூறு ரூபாய்க்கு யாராவது நீட்டினால் அப்படியே நகர்ந்துவிடுங்கள்.

கடைசியாகத் தாவரவியல் பூங்காவுக்கு மேலே இருக்கும் தோடர் மந்து, அதாவது அவர்களின் குடியிருப்பு. அங்கே குடும்பங்கள் வசிக்கின்றன. கைடு கேட்காமல் கொள்ளாமல் ஒரு வீட்டு வாசலில் எங்களை நிறுத்தி, "குனிஞ்சு உள்ளே பாருங்க, போட்டோவுக்கு தனி சார்ஜ்" என்றார். அந்த வீட்டு அம்மா பார்த்த பார்வையில் மாமியார் எங்களை இழுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். அந்த அம்மா முறைத்தது சரிதானே, நம் வீட்டு வாசலில் இப்படி நின்றால் விடுவோமா?

இவ்வளவுக்கும் சேரிங் கிராஸிலிருந்து நூலகம், நீதிமன்றம், சர்ச் எல்லாம் நடக்கிற தூரம்தான். ஆராதனை இல்லாத நேரமாகக் கேட்டுக்கொண்டு சர்ச்சுக்கு நீங்களே போகலாம். சல்லிவன் கதையை மியூசியமாகவே பார்க்க வேண்டுமென்றால் கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கு போங்கள். அவர் 1819-இல் கட்டிய பங்களாவைப் புதுப்பித்து நினைவகமாக வைத்திருக்கிறார்கள். கைடு வேண்டும் என்பவர்கள் சுற்றுலாத் துறை அடையாள அட்டையைக் கேளுங்கள். எந்தெந்த இடத்துக்குள் நிஜமாகவே கூட்டிப்போவார்கள் என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிய பிறகு பணம் கொடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு ஏஜெண்ட் ஒரு சாக்லேட் பெட்டியை நீட்டினார். வாங்கவில்லை. கையெழுத்துப் போட்ட ரசீதில் 'ஆல் என்ட்ரி' என்று அவரே எழுதியிருக்கிறார், அதை வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன்.