ஆற்றைப் பங்கு போடுவதா, சேர்ந்து நிர்வகிப்பதா?

பல அரசுகள் ஒரே ஆற்றை நம்பியிருந்தால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பங்கீடு: 1960 சிந்து நதி ஒப்பந்தத்தில் ராவி, பியாஸ், சட்லெஜ் இந்தியாவுக்கு; சிந்து, ஜீலம், செனாப் பெரும்பாலும் பாகிஸ்தானுக்கு. மற்றொன்று கூட்டு அமைப்பு: மேற்கு ஆப்பிரிக்க நாடுகளான மாலி, மொரிட்டானியா, செனகல் மூன்றும் 1972இல் செனகல் ஆற்றுக்காக அமைத்தது.

செலவு
பங்கீடு: அவரவர் அணை, அவரவர் கடன்.
கூட்டு: மாலியில் இருக்கும் மனந்தாலி அணை மூன்று நாடுகளுக்கும் சொந்தம். மின்சாரம் மாலிக்கு 52, செனகலுக்கு 33, மொரிட்டானியாவுக்கு 15 விழுக்காடு.

எளிமை
பங்கீடு: தினசரிப் பேச்சு தேவையில்லை.
கூட்டு: ஓயாத கூட்டங்கள். மின்சாரத்துக்குத் தேக்குவதா, கீழ்ப்பகுதி வயல்களுக்குத் திறப்பதா என்ற சண்டை தீராது. ஆனால் மழை பொய்த்த ஆண்டில் திட்டத்தை மாற்றும் வாய்ப்பும் அங்கேதான்.

உறுதி
பங்கீடு: சிந்து ஒப்பந்தம் 1965, 1971 போர்களைத் தாண்டியது; ஆனால் 2025 ஏப்ரலில் இந்தியா அதை நிறுத்திவைத்தது.
கூட்டு: 1989இல் செனகலும் மொரிட்டானியாவும் மோதியபோதும் அமைப்பு கலையவில்லை. சொத்து பொதுவானால் விலகுவது கடினம் என்பது என் கணிப்பு.

நம்பிக்கை அறவே இல்லாத, கிளையாறுகள் தனித்தனியாகப் பிரியும் இடத்துக்குப் பங்கீடு போதும். ஒரே ஆறு, குறைந்த பணம், பொது அணை என்றால் கூட்டுதான்.