தெரபி முடிந்தும் அடங்காத உடம்பு: குளிர்ந்த தண்ணீரா, மூச்சா, நடையா?

ஈஎம்டிஆர் செஷன் முடிந்து கீழே இறங்கினால் வண்டிச் சாவி துவாரத்தில் நுழையாது. அழுது முடித்தாகிவிட்டது, முகம் துடைத்தாகிவிட்டது, கை மட்டும் நடுங்கிக்கொண்டே இருக்கும். பழைய காயத்தை நினைவுக்குக் கொண்டுவந்து, கண்ணை இடவலமாக அசைத்தபடியே அதைக் கடக்க வைக்கிற சிகிச்சை இது. மனசுக்கு அது பழைய கதை என்று தெரியும். உடம்புக்குச் சேதி போய்ச் சேர நேரமாகும்.

காரணம் இருக்கிறது. பதற்றத்தில் சுரக்கும் ஹார்மோன்களில் அட்ரினலின் சில நிமிடங்களில் ரத்தத்தில் குறைந்துவிடும். கார்டிசால் அப்படியில்லை, நெருக்கடி தொடங்கி 20–30 நிமிடம் கழித்துத்தான் உச்சத்துக்கே போகும், இறங்கவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். அதனால் ‘ஐந்தே நிமிடத்தில் அமைதி’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கீழே உள்ள எதுவும் அதை அணைக்காது. இறங்குகிற வழியைக் கொஞ்சம் சுலபமாக்கும், அவ்வளவுதான்.

வேகத்தில் குளிர்ந்த தண்ணீருக்கு நிகரில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, நெற்றியும் கன்னமும் நனைய 15–30 விநாடி முகத்தை அமிழ்த்தினால், முகத்தின் தொடு உணர்வைக் கடத்தும் ட்ரைஜெமினல் நரம்பு வழியாக வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு இதயத் துடிப்பு குறையும். நீரில் மூழ்கும் விலங்குகளுக்கும் இதே அனிச்சைச் செயல் உண்டு. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் வகுத்த டிபிடி என்ற மனநலச் சிகிச்சையிலும் கடும் கொந்தளிப்புக்கு இதைத்தான் கற்றுத் தருகிறார்கள். சிக்கல் என்னவென்றால், சென்னை மே மாதத்தில் மாடித் தொட்டித் தண்ணீர் சுடும். நான் பெட்டிக்கடையில் ஜில்லென்ற தண்ணீர் பாட்டில் வாங்கி, கைக்குட்டையை நனைத்துக் கண்ணுக்குக் கீழே அழுத்திக்கொள்வேன். இதய நோய் உள்ளவர்கள், பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்கள், உண்ணுதல் கோளாறு (பட்டினி கிடப்பது, சாப்பிட்டதை வாந்தி எடுப்பது போன்றவை) உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யவே வேண்டாம்.

மூச்சுக்குச் செலவில்லை, பஸ்ஸிலும் செய்யலாம். உள்ளிழுக்கும்போது துடிப்பு கூடும், வெளிவிடும்போது குறையும். ஆகவே நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவது. 2023-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், தினம் 5 நிமிடம் என ஒரு மாதம், இரண்டு முறை இழுத்து நீளமாகப் பெருமூச்சு விட்டவர்களுக்கு, தியானம் செய்தவர்களைவிட மனநிலை அதிகம் தெளிந்தது. ஆனால் அது தினசரிப் பழக்கம். செஷன் முடிந்த கையோடு முதல்முறையாக முயன்றால் அதே பலனை எதிர்பார்க்க முடியாது. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: பயம் நெஞ்சிலும் தொண்டையிலும் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மூச்சைக் கவனிப்பதே பயத்தைக் கூட்டும். நான் அந்த ரகம். கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு, வாய்மூடி ‘ம்ம்ம்’ என்று முனகினால் வெளிமூச்சு தானாக நீளும், எண்ண வேண்டியதில்லை.

இவை இரண்டும் படபடப்புக்குத்தான். சில நாள் நேர்மாறாக இருக்கும்: கை கால் மரத்து, சத்தமெல்லாம் தூரத்தில் கேட்கும். அப்போது இன்னும் அமைதிப்படுத்துவது தவறு, நடப்பதுதான் சரி. கால் தரையில் படுவதைக் கவனித்து, கடை போர்டுகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே போவேன். மூன்றாவது தெருவுக்குள் வெயில் உறைக்க ஆரம்பிக்கும். படபடப்புக்கும் நடை ஆகும், என்ன, 20 நிமிடமாவது வேண்டும். அந்த நிலையில் வண்டி ஓட்டாதீர்கள்.

அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1920-களில் வகுத்த, தசையை இறுக்கித் தளர்த்தும் முறை, பல்லைக் கடித்தபடி வீடு திரும்புகிறவர்களுக்கு ஏற்றது. காபி வேண்டாம், அதிலுள்ள காஃபினில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும், ராத்தூக்கம் போய்விடும். நண்பரிடம் எல்லாவற்றையும் மறுபடி சொல்வதும் கிளறிவிடுவதே. என் அக்காவுக்கு “முடிஞ்சிருச்சுக்கா, நடந்து வர்றேன், இன்னைக்கு எதுவும் கேக்காத”ன்னு மட்டும் மெசேஜ் போடுவேன். போனால் சுடச்சுட ரசம் சாதம் இருக்கும்.

ஈஎம்டிஆரின் எட்டுக் கட்டங்களில் ஏழாவதே, உங்களை நிதானத்துக்குக் கொண்டுவந்து அனுப்புவதுதான். நான் முதலில் போன இடத்தில் மணியானதும் எழுப்பி அனுப்பிவிட்டார்கள். கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. நிதானத்துக்கு வரக் கடைசிப் பத்து நிமிடம் வேண்டும் என்று கேளுங்கள். நாள்கணக்கில் தூக்கம் வராவிட்டாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளத் தோன்றினாலோ, அடுத்த செஷன் வரை காத்திருக்காமல் தெரபிஸ்டை அழையுங்கள்; அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, இரவிலும் எடுப்பார்கள்.