கைதட்டிய ஊர் முகம் திருப்பும்போது: மூன்று படங்கள், இரண்டு சீரிஸ்கள்

எந்தச் சூப்பர்ஹீரோ படத்தில் எந்த மாயக்கல் வந்தது, எழுத்து ஓடி முடிந்த பிறகு யார் தலைகாட்டினார் என்று வரிசையாகச் சொல்கிற ரசிகன் இல்லை நான். பெரிய படம் என்றால் தியேட்டரில் ஒரு தடவை, ஓடிடியில் வந்ததும் வீட்டில் இன்னொரு தடவை. கூடவே அக்கா மகன் இருப்பான். பத்து வயது. "இவர் யாரு மாமா?" என்று அவன் கேட்காமல் எவ்வளவு நேரம் படம் ஓடுகிறது என்பதுதான் எங்கள் வீட்டில் முதல் அளவுகோல்.

இரண்டாவது அளவுகோல் என்னுடையது. 2025-ல் வந்த சூப்பர்மேன், ஃபென்டாஸ்டிக் ஃபோர், தண்டர்போல்ட்ஸ் என்ற மூன்று படங்களிலும் ஒரே கட்டம் வருகிறது. நேற்று வரை கைதட்டிய ஊர், இன்று அந்த நாயகனைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, அல்லது முதலிலிருந்தே அவனை நம்பவில்லை. அந்தக் கூட்டத்தில் நிற்கிற ஆள்தான் நான். வானத்தில் பறக்கிறவனைத் தரையிலிருந்து அண்ணாந்து பார்க்கிறவன். என்னைப் போன்றவர்களை இந்தப் படங்கள் எப்படி நடத்துகின்றன என்று பார்த்தால் எது நல்ல படம், எது சும்மா பெரிய படம் என்பது சீக்கிரமே பிரிந்துவிடுகிறது. கதையின் முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதலில் சூப்பர்மேன். ஜேம்ஸ் கன் இயக்கம், 2025 ஜூலை 11. சரியாக இரண்டு வாரம் கழித்து, ஜூலை 25-ல், மார்வெலின் ஃபென்டாஸ்டிக் ஃபோர்: ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ். மேட் ஷேக்மன் இயக்கியது. இரண்டுமே பல தடவை எடுக்கப்பட்ட கதைகள். அதனால் இரண்டு இயக்குநர்களும் 'சக்தி எப்படி வந்தது' என்ற பழைய முதல் பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அந்த முடிவுக்கே ஒரு சபாஷ்.

தூக்கிப் போட்ட விதம்தான் வேறு. சூப்பர்மேன் சில வரி எழுத்தோடு தொடங்குகிறது. மூன்று நூற்றாண்டுக்கு முன், மூன்று பத்தாண்டுக்கு முன், மூன்று வருஷத்துக்கு முன் என்று இறங்கி இறங்கி, மூன்று நிமிஷத்துக்கு முன் அவன் முதல் முறையாகத் தோற்றுப்போனான் என்று வந்து நிற்கிறது. அடுத்த நொடி பனியில் ரத்தத்தோடு வந்து விழுகிறான். சீட்டி அடித்துக் கூப்பிட, கிரிப்டோ என்ற நாய் வந்து அவன் மேலேயே குதித்து விளையாடுகிறது. உடைந்த எலும்போடு கிடக்கிறவனை அது பனியில் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகும்போது அக்கா மகன் கைதட்டினான். ஃபென்டாஸ்டிக் ஃபோர், அறுபதுகளின் டிவி நிகழ்ச்சி ஒன்றைப் போட்டு, நால்வரும் யார், நான்கு வருஷத்தில் என்னென்ன செய்தார்கள் என்று அழகாகச் சொல்லிவிடுகிறது. கேள்வியே வரவில்லை. சூப்பர்மேனில்தான், பச்சை மோதிரக்காரர் யார், சிறகு வைத்த பெண் யார், மிஸ்டர் டெரிஃபிக் யார் என்று மூன்று தடவை நிறுத்த வேண்டியதாயிற்று. விருந்தாளியை வாசலில் வரவேற்று உட்கார வைப்பதில் மார்வெல் ஜெயித்தது.

ஆனால் உட்கார்ந்த பிறகு பரிமாறுகிறார்களே, அதில் சூப்பர்மேன் கை ஓங்கிவிட்டது. லோயிஸ் வீட்டில் நடக்கும் அந்தப் பேட்டிக் காட்சியைச் சொல்கிறேன். அவளுக்குப் பிடிக்கும் என்று ராத்திரி நேரத்தில் காலைப் பலகாரம் செய்து வைத்திருக்கிறான். மூன்று மாதமாகப் பழகுகிற ஜோடி. "சரி, கேள்" என்று அவனே சொல்கிறான். அவள் ரெக்கார்டரை அழுத்தியதும் குரல் மாறுகிறது. இப்போது அவள் காதலி இல்லை, நிருபர். போரேவியா என்ற நாடு ஜர்ஹன்பூருக்குள் படையோடு நுழையப் பார்த்தபோது நீ போய்த் தடுத்தாயே, யாரைக் கேட்டுத் தடுத்தாய், அமெரிக்க அரசிடம் பேசினாயா, விளைவை யோசித்தாயா? சிரித்துக்கொண்டு தொடங்கியவன் மெல்ல மெல்லச் சூடாகி, கடைசியில் மக்கள் சாகப்போகிறார்கள் என்று கத்துகிறான். டேவிட் கோரன்ஸ்வெட்டும் ரேச்சல் ப்ராஸ்னஹனும் சண்டை, வெடி எதுவும் இல்லாமல் ஒரு அறைக்குள்ளேயே அந்தக் காட்சியைத் தாங்குகிறார்கள். ஊர் கேட்க வேண்டிய கேள்வியை ஊருக்காக ஒருத்தி கேட்கிறாள். அவள் கேட்பதும் நியாயம், அவன் கோபமும் நியாயம். சூப்பர்ஹீரோ படத்தில் இப்படி ஒரு பேச்சு கேட்டு எவ்வளவோ நாளாயிற்று.

அப்புறம் ஊர் திரும்புகிறது. அவனைப் பெற்ற கிரிப்டன் கிரகத்து அம்மா அப்பா அனுப்பிய செய்தியின் சிதைந்த பாதியை வில்லன் லெக்ஸ் லூதர் வெளியே விடுகிறான். போய் அந்த மக்களை ஆள் என்பதுதான் அவர்கள் சொல்லியனுப்பியது. கடைசியில் இது பொய் என்று ஆகிவிடும் என நான் எதிர்பார்த்தேன். ஆகவில்லை. படம் அந்த இடத்தில் பின்வாங்காதது பெரிய விஷயம். பெற்றவர்கள் சொன்னது உண்மைதான், ஆனால் நீ யார் என்பது நீ செய்கிற காரியத்தில் இருக்கிறது என்று, கன்சாஸ் பண்ணையில் வளர்த்த அப்பா தழுதழுத்த குரலில் சொல்கிறார். பிருட் டெய்லர் வின்ஸ் கொஞ்ச நேரமே வருகிறார், கண் கலங்க வைத்துவிட்டார்.

எனக்குக் குறையாகப் பட்டது ஒன்று. இணையத்தில் அவனைத் திட்டி எழுதுவது லூதர் அடைத்து வைத்திருக்கும் குரங்குகள் என்று காட்டுகிறார்கள். தியேட்டரில் சிரிப்பு வந்தது. ஆனால் கூட்டத்தின் கோபம் கூட்டத்தினுடையதே இல்லை என்று சொல்லிவிட்டால் அந்தக் கோபத்துக்கு மதிப்பு இல்லாமல் போகிறது. செய்தியில் லூதரின் குட்டு உடைந்ததும் ஊர் நொடியில் மனம் மாறுவதும் அதனால்தான் லேசாகத் தெரிகிறது. இதைச் சரிக்கட்டுவது மாலிக் என்ற தெருவோர ஃபலாஃபல் கடைக்காரர். சூப்பர்மேன் பள்ளத்தில் கிடந்தபோது கை கொடுத்துத் தூக்கியவர். அந்த ஒரே காரணத்துக்காக லூதர் அவரைப் பிடித்துவந்து, கூண்டுக்குள் இருக்கும் சூப்பர்மேன் கண்ணெதிரே நெற்றியில் துப்பாக்கி வைக்கிறான். அக்கா மகனுக்கு நான் கண்ணை மூடிய ஒரே இடம் அதுதான். (இந்தியத் தியேட்டர்களில் தணிக்கையில் வெட்டியது கடைசி முத்தக் காட்சியை. 33 வினாடி. இந்தக் கொலை அப்படியே இருந்தது. என்ன கணக்கோ.)

இனி ஃபென்டாஸ்டிக் ஃபோர் தன் ஊரை என்ன செய்கிறது? இங்கேதான் எனக்கு மனத்தாங்கல். கேள்வி சூப்பர்மேனில் இருப்பதைவிடப் பத்து மடங்கு கனமானது. கேலக்டஸ் பூமியை விழுங்க வருகிறான். நால்வரில் ரீட்-சூ தம்பதிக்குப் பிறக்கப்போகும் குழந்தையைக் கொடுத்தால் விட்டுவிடுகிறேன் என்கிறான். அவர்கள் முடியாது என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறார்கள். விண்கலம் இறங்கியதும் நிருபர்கள் முன்னால் ரீட் அதை மறைக்காமல் சொல்கிறார். கூட்டம் அப்படியே உறைந்துபோகிறது. எங்கள் குழந்தைகள் எல்லாம் சாகலாம், உங்கள் குழந்தை மட்டும் இருக்க வேண்டுமா? எவ்வளவு நியாயமான கேள்வி! அதைவிடப் பயங்கரம், குழந்தையைக் கொடுப்பதையும் ஒரு வழியாக ரீட் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார் என்று தெரியவரும்போது சூ அவரைப் பார்க்கிற பார்வை. பெட்ரோ பாஸ்கலும் வனஸ்ஸா கிர்பியும் அங்கே நிஜமான புருஷன் பெண்டாட்டி.

இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டு, சூ கைக்குழந்தையோடு வாசலுக்கு வந்து இரண்டு வார்த்தை பேசியதும் கூட்டம் அமைதியாகிவிடுகிறது. அடுத்த காட்சியில் உலகமே ஒன்றுகூடி மின்சாரத்தைச் சேமிக்கிறது. அந்தப் பேச்சைக் கேட்டும் மனசு ஆறாத ஒரே ஒரு ஆளையாவது காட்டியிருக்கலாம். இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான படம், இன்னும் பத்து நிமிஷம் இதற்குக் கொடுத்திருந்தால் குடி முழுகிப் போயிருக்காது. மற்றபடி கண்ணுக்கும் காதுக்கும் குறைவில்லை. வில்லியின் துரத்தலுக்கு நடுவே, எடையே இல்லாத விண்கலத்துக்குள் பிரசவம் நடக்கிற காட்சியில் நான் சீட்டு நுனியில் இருந்தேன். மைக்கேல் ஜியாச்சினோவின் இசையை அக்கா மகன் ஒரு வாரம் முணுமுணுத்துக்கொண்டு திரிந்தான். அவனுடைய ஓட்டு இந்தப் படத்துக்கும் ஹெர்பி என்ற குட்டி ரோபோவுக்கும்தான்.

தண்டர்போல்ட்ஸ் இந்த இரண்டுக்கும் முன்பே, மே மாதமே வந்துவிட்டது. கேள்வி அளவுகோலில் இதுதான் படுதோல்வி. நாயகி எலேனா 2021-ல் வந்த பிளாக் விடோவிலிருந்து, கோஸ்ட் 2018-ன் ஆன்ட்-மேன் படத்திலிருந்து, வாக்கர் ஒரு ஓடிடி சீரிஸிலிருந்து. ஒவ்வொருவருக்கும் நான் ரிமோட்டைக் கையில் எடுத்து விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. முதல் காட்சியிலேயே எலேனா ஒரு உச்சியிலிருந்து குதிக்கிறாள். அது கோலாலம்பூரில் இருக்கும் மெர்டேக்கா 118, உலகத்தின் இரண்டாவது உயரமான கட்டடம். ஃப்ளாரன்ஸ் பியூ அங்கிருந்து கம்பி கட்டிக்கொண்டு தானே குதித்திருக்கிறார். ஆனால் அந்த உயரத்தைக் காட்டிலும் அவள் முகத்தில் இருக்கிற சலிப்புதான் மனசில் நின்றது.

இந்த ஆட்களை ஊர் ஒருபோதும் நம்பியதே இல்லை. இழக்க ஒன்றும் இல்லாதவர்கள். நடுத்தெருவில் எலேனா தன் அப்பாவிடம், நாள் முழுக்க வெறுமையாக இருக்கிறது என்று உடைந்து அழுகிறாள். அவர் அவளுடைய சின்ன வயது கால்பந்து அணியை நினைவுபடுத்துகிறார். நீ ஏன் கோல்கீப்பராக நிற்க ஆசைப்பட்டாய் தெரியுமா, மற்றவர்கள் தப்புச் செய்தால் பின்னால் நீ இருப்பாய் என்பதற்காக என்கிறார். அவ்வளவுதான், படம் மொத்தமும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. கடைசியில் பாப் என்ற பையனுக்குள் இருக்கும் இருட்டு நியூயார்க் தெருவில் நடக்கிறவர்களை எல்லாம் தரையில் படிந்த நிழலாக்குகிறது. அவனை அடித்து வீழ்த்தவில்லை. அவனே தன் இருட்டை அடித்து அடித்து அதில் மூழ்கும்போது, ஒவ்வொருவராகப் போய் அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். அக்கா மகன் கேள்வி கேட்கவில்லை. அக்கா சமையல்கட்டிலிருந்து வந்து நின்று பார்த்துவிட்டு, "யாரு பெத்த பிள்ளையோ" என்றாள். முன்கதை ஒன்றுமே தெரியாத அவளுக்கு அந்த இடம் புரிந்துவிட்டது.

வசூலில் வரிசை வேறு, என் வரிசை வேறு. சூப்பர்மேன் உலகம் முழுக்க 60 கோடி டாலரைத் தாண்டியது, ஃபென்டாஸ்டிக் ஃபோர் 50 கோடியைத் தாண்டியது, தண்டர்போல்ட்ஸ் 40 கோடியைத் தொடவில்லை. என் வரிசையில் தண்டர்போல்ட்ஸ் முதல், அதற்கு மயிரிழையில் பின்னால் சூப்பர்மேன், கொஞ்ச தூரத்தில் ஃபென்டாஸ்டிக் ஃபோர். அதே வருஷம் பிப்ரவரியில் வந்த கேப்டன் அமெரிக்கா படத்தில் சிவப்பு ஹல்க்கைத் தவிர எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. அவரையும் டிரெய்லரிலேயே காட்டிவிட்டார்கள்.

சீரிஸ்களுக்கு வருவோம். இவை இரண்டையும் அக்கா மகன் தூங்கிய பிறகு பார்த்தேன், குழந்தைகளுக்கு ஆகாது. டேர்டெவில்: பார்ன் அகெய்ன், முதல் சீசன், ஒன்பது எபிசோட், 2025 மார்ச் முதல் ஏப்ரல் வரை வந்தது. ஊர்தான் இதன் கதையே. வில்சன் ஃபிஸ்க் என்ற கொலைகாரன் தேர்தலில் நின்று நியூயார்க் மேயராகிறான். பிபி என்ற பெண் தெருவில் மைக்கை நீட்டி, அவனைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். குழியை மூடுகிறாரே, காரியம் நடக்கிறதே என்று சாதாரண ஜனங்கள் சொல்லும்போது வயிற்றைக் கலக்குகிறது. அந்தப் பெண்ணின் சித்தப்பா முறைக்காரரைப் பழைய சீரிஸில் கொன்றதே இந்த ஃபிஸ்க்தான். டேர்டெவிலாக வரும் சார்லி காக்ஸும் ஃபிஸ்காக வரும் வின்சென்ட் டி'ஒனோஃப்ரியோவும் ஒரு சாதாரண ஹோட்டல் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிற காட்சிக்காகவே இதைப் பார்க்கலாம். ஆனால் எடுத்துக்கொண்டிருந்தபோதே பாதியில் எழுத்தாளர்களை மாற்றியிருக்கிறார்கள், அந்த ஒட்டுத் தையல் தெரிகிறது. டேர்டெவிலின் நண்பன் ஃபாகியின் மரணம் முதல் எபிசோடிலேயே வருகிறது, அதன் கனம் நடுவில் காணாமல் போய்க் கடைசியில்தான் திரும்பி வருகிறது.

த பெங்குவினில் தையலே இல்லை. எட்டு எபிசோட், 2024 செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை. பேட்மேன் ஊரில் நடக்கும் கதை, ஆனால் பேட்மேன் வரமாட்டார், கடைசியில் வானத்தில் அவருடைய விளக்கு மட்டும் எரியும். முன்கதை எதுவும் தேவையில்லை, கடலணை உடைந்து ஏழைகளின் பகுதி மூழ்கிப்போனது என்று தெரிந்தால் போதும். பெங்குவின் என்கிற ஆஸாக வரும் கோலின் ஃபாரலை அந்த ஒப்பனைக்குள் கண்டுபிடிக்கவே முடியாது. சோஃபியாவாக நடித்த கிறிஸ்டின் மிலியோட்டிக்கு எம்மி விருது கிடைத்தது, அவருடைய பழைய கதையைச் சொல்லும் நான்காவது எபிசோடைப் பார்த்தால் ஏன் என்று தெரியும்.

என்னை ஆட்டியது விக்டர். திக்குவாய்ப் பையன், வெள்ளத்தில் குடும்பத்தையே பறிகொடுத்தவன். ஆஸ் காரின் சக்கரத்தைத் திருடப்போய் அவனிடமே மாட்டி, அவனுக்கே டிரைவராகிறான். மற்ற கதைகளில் எல்லாம் தெருவில் அண்ணாந்து நிற்கிற முகங்களில் ஒன்றாக இருந்திருப்பான். இங்கே அவனுக்குப் பெயர் இருக்கிறது, தட்டித் தட்டி வருகிற பேச்சு இருக்கிறது. வார்த்தையைப் பாதியில் பறிக்காமல் அவன் சொல்லி முடிக்கும்வரை ஆஸ் காத்திருக்கிற இடம் ஒன்று உண்டு, அப்போதுதான் நானும் ஆஸை நம்பத் தொடங்கினேன். இருண்டு கிடந்த அந்தப் பகுதிக்கு ஆஸ் மறுபடி கரண்ட் வரவைக்கும்போது ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள், நானும் சந்தோஷப்பட்டேன். கடைசி எபிசோடில் எல்லாம் ஜெயித்தாயிற்று. ஆற்றங்கரை பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் எனக்குக் குடும்பம் மாதிரி என்று விக்டர் சொல்கிறான். குடும்பம் என்றால் பலவீனம் என்று சொல்லிக்கொண்டே ஆஸ் தன் கையாலேயே அவன் கழுத்தை நெரிக்கிறான். பிறகு அவனுடைய பர்ஸை எடுத்துப் பிரித்து, பணத்தை வைத்துக்கொண்டு, அவன் பெயரும் முகமும் இருக்கும் லைசென்ஸ் அட்டையை ஆற்றில் வீசிவிட்டு நடந்துபோகிறான்.